நெடும் பணிக்கு ஒரு பதக்கம்



சென்ற தைத் திங்களில் நம் சங்கத்துப் பொங்கல் விழா முடிந்து, அன்பர்கள் பாய்களைச் சுருட்டிக் கொண்டிருந்த வேளையில், மூதாட்டியார் ஒருவர் என்னைக் கையசைத்து அழைத்தார். நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் அவர். மகனும் மருமகளும் அலுவலகம் செல்பவர்களாதலின் பேரனைப் பேணி வளர்ப்பது அவர் பொறுப்பு. மடியில் பழைய பிஸ்கட் தகரப் பெட்டி ஒன்று இருந்தது. "தம்பி, நீங்கள் பத்திரிகையில் எழுதுகிறவர். இதில் இருப்பவை என்னவென்று இந்தப் பையனுக்கு விளங்கும்படி சொல்லுங்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை" என்றார்.

பெட்டியைத் திறந்தேன். அந்துருண்டை வாசனை வீசிற்று. நிறம் மங்கிய நாடாக்களோடு மூன்று பதக்கங்கள் ஒரு கைக்குட்டையில் முடிந்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் அடியில் ஒரு சிறு புத்தகமும் மடித்த காகிதங்கள் சிலவும் கிடந்தன. யாவும் அம்மையாரின் கணவருடையவை. அவர் 1973ஆம் ஆண்டில் தரைப்படையில் சிப்பாயாகச் சேர்ந்து, 1995ஆம் ஆண்டில் ஹவில்தாராக ஓய்வு பெற்று, சில ஆண்டுகளுக்கு முன்னர் காலமானவர்.

பையன் எட்டாம் வகுப்பு மாணவன். குடும்பத்தில் நாட்டுக்குப் பணியாற்றிய பெரியவர் ஒருவரைப் பற்றிக் குடியரசு நாளுக்காகக் கட்டுரை எழுதி வரும்படி பள்ளியில் பணித்திருந்தார்கள். அவனும் ஆவலோடு பெட்டியைத் திறந்து, "தாத்தா எந்தப் போரில் வென்றார்?" என்று பாட்டியைக் கேட்டிருக்கிறான். "அவர் சண்டைக்குப் போகவில்லையப்பா" என்று அவர் உண்மையைச் சொல்லியிருக்கிறார். "சண்டைக்கே போகாதவருக்குப் பதக்கம் எதற்கு, பாட்டி?" என்று பையன் திருப்பிக் கேட்டுவிட்டான். குழந்தையின் கேள்விதான், குற்றமில்லை. ஆயினும் அம்மையாரின் முகம் வாடியிருந்தது. அந்தக் கேள்விக்கு உரிய விடையைத் தேடியதே இத்திங்கள் நான் எழுத எடுத்துக்கொண்ட பொருள். ஊரை விட்டு வடக்கே வந்த நம் குடும்பங்கள் பலவற்றை இங்குக் கொணர்ந்து சேர்த்தவை இரயில்வேயும் சர்க்கார் உத்தியோகமும் பட்டாளமுமே அன்றோ? இத்தகைய தகரப் பெட்டி இன்னும் எத்தனை இல்லங்களில் பரண்மேல் இருக்கிறதோ!

பதக்கங்களைப் படிக்கும் திறன் எனக்கு இல்லை. எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் இருக்கிறார். மறுநாள் மாலை பாட்டியையும் பேரனையும் அவர் வீட்டிற்கு அழைத்துச் சென்றேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பதக்கத்தையும் முன்னும் பின்னும் விளிம்பிலும் பார்த்தார். பதக்கத்தின் முகத்தைவிட விளிம்பையே படைவீரர் முதலில் பார்ப்பர் என்பதை அன்றுதான் அறிந்தேன். பெற்றவரின் எண், பதவி, பெயர், பிரிவு ஆகியவை விளிம்பிலேயே பொறிக்கப்படும்.

முதலாவது சைன்ய சேவா பதக்கம். இது 1960ஆம் ஆண்டில் ஏற்படுத்தப்பட்டது. எல்லைப்புறங்களிலும் மலைகளிலும் கடினமான இடங்களில் பணியாற்றியோர்க்கு உரியது. எப்பகுதியில் பணி என்பதைக் காட்டும் சிறு உலோகப் பட்டை நாடாவின்மேல் இருக்கும். இதில் ஜம்மு காஷ்மீர் என்றிருந்தது. இரண்டாவது ஒன்பதாண்டு நெடும்பணிப் பதக்கம். மூன்றாவது இருபதாண்டு நெடும்பணிப் பதக்கம். மூன்றாவதன் விளிம்பைப் பார்த்ததும் சுபேதார் ஏதோ சொல்ல வாயெடுத்து, அம்மையாரை ஒருமுறை நோக்கிவிட்டு, சொல்லாமல் கீழே வைத்தார். அதைப் பற்றிப் பின்னர்ச் சொல்கிறேன்.

"இவர் 71 போர் முடிந்த பிறகு சேர்ந்தவர், கார்கில் போருக்கு முன்பே வெளிவந்தவர். இரண்டுக்கும் இடைப்பட்ட ஆண்டுகள் இவருடையவை" என்று சுபேதார் கணக்கிட்டுச் சொன்னார். 1999ஆம் ஆண்டில் கார்கில் போர் மூண்டபோது அம்மனிதர் ஊரில் மாடு வைத்துப் பால் விற்றுக்கொண்டிருந்தாராம்.

நம் முன்னோர் வீரர்க்குச் செய்த சிறப்பு யாவரும் அறிந்தது. ஆநிரை மீட்கப் போய் வீழ்ந்தவனுக்கு நடுகல் நாட்டினர். செங்கம் வட்டாரத்திலும் தருமபுரிப் பக்கத்திலும் அக்கற்கள் இன்றும் நிற்கின்றன. படைத்தலைவர்க்கு ஏனாதி என்றும், வணிகர்க்கு எட்டி என்றும் பட்டம் வழங்கினர். செஞ்சோற்றுக் கடன் என்ற சொல்லும் நம்மிடம் உண்டு. ஆனால் உயிரைக் கொடுத்தவனையே அக்கடனைத் தீர்த்தவனாக எண்ணி வந்திருக்கிறோம். கோட்டை வாயிலில் இருபது ஆண்டு வேல் பிடித்து நின்று, பகைவன் எவனும் வாராமையால் நரைத்த தலையோடு வீடு திரும்பிய காவலனுக்குக் கல்லும் இல்லை, பட்டமும் இல்லை. பையன் கேட்ட கேள்வி அவனுடையது மட்டுமன்று. நெடுங்காலமாக நம் எல்லோரிடமும் உள்ளதே.

வெறும் ஆண்டுகளுக்காக ஒரு சிப்பாயின் மார்பில் வெள்ளியைக் குத்தும் வழக்கம் அண்மைக் காலத்தது. இங்கிலாந்தில் நான்காம் வில்லியம் அரசர் 1830ஆம் ஆண்டில் தம் தரைப்படைக்கு நெடும்பணி, நன்னடத்தைப் பதக்கம் என்று ஒன்றை ஏற்படுத்தினார். காலாட்படை வீரன் 21 ஆண்டுகளும் குதிரைப்படை வீரன் 24 ஆண்டுகளும் பணியாற்றியிருக்க வேண்டும். 1870ஆம் ஆண்டில் அது 18 ஆண்டுகளாகக் குறைந்தது, இப்போது 15. இதில் ஒரு வேடிக்கை உண்டு. அப்பதக்கம் சாதாரண வீரர்க்கே உரியதாக இருந்தது. அதிகாரிகளாகவே பணியில் சேர்ந்தோர்க்கு இல்லை. பெரிய மனிதரின் நன்னடத்தை சொல்லாமலே விளங்கும் என்று கருதினார்கள் போலும்! 2016ஆம் ஆண்டில்தான் அதிகாரிகட்கும் அதனைத் திறந்துவிட்டார்கள்.

இந்தியாவில் கிழக்கிந்தியக் கம்பெனி 1837ஆம் ஆண்டிலேயே 'ஆர்டர் ஆப் பிரிட்டிஷ் இந்தியா' என்ற சிறப்பை ஏற்படுத்தியது. நெடுங்காலம் உண்மையாக உழைத்த சுபேதார், ஜமேதார் ஆகியோர்க்கு அது உரியது. முதல் வகுப்பினர்க்குச் சர்தார் பகதூர் என்ற பட்டமும் நாளொன்றுக்கு இரண்டு ரூபாயும். இரண்டாம் வகுப்பினர்க்குப் பகதூர் என்ற பட்டமும் ஒரு ரூபாயும். முதலில் அதன் நாடா வெளிர் நீலமாக இருந்தது. கழுத்தில் அணிவதாகையால் நம்மவர் தலையில் தடவும் எண்ணெய் பட்டு நாடா அழுக்கேறுகிறது என்று மறு ஆண்டே அதனைச் சிவப்பாக மாற்றினார்கள் என்று சொல்வதுண்டு. எண்ணெய் தேய்க்காத தலையை நம்மவரிடம் தேடுவதைவிட நாடாவை மாற்றுவது எளிது என்று கண்டுகொண்டவன் அறிவாளிதான். இதை நான் சொன்னபோது பையன் முதல்முறையாகச் சிரித்தான்.

கம்பெனியின் நோக்கம் வேறு என்பதையும் மறைப்பதற்கில்லை. அயலான் சம்பளத்துக்கு நம் மக்கள் நம் மக்கள்மேலேயே துப்பாக்கி பிடித்த காலம் அது. உண்மையாயிருந்தமைக்குப் பரிசு என்றால், யாருக்கு உண்மை என்ற கேள்வி எழும். பட்டமும் ரூபாயும் கொடுத்து இருபது ஆண்டுகளுக்குள் 1857 வந்துவிட்டது. அதன்பின் 1888ஆம் ஆண்டில் இந்தியச் சிப்பாய்க்கென்றே நெடும்பணி, நன்னடத்தைப் பதக்கம் ஒன்று வந்தது. ஒருபுறம் விக்டோரியா அரசியின் உருவம். மறுபுறம் தாமரையும் பனையோலையும் சூழ எழுத்து. வெள்ளையனின் பதக்கத்தில் நம் தாமரை!

விடுதலைக்குப் பின் 1957ஆம் ஆண்டில் நம் குடியரசு இருவகைப் பதக்கங்களை ஏற்படுத்தியது. ஹவில்தார்க்குச் சிறப்புப் பணிப் பதக்கம். நாயக், சிப்பாய் ஆகியோர்க்கு நெடும்பணி, நன்னடத்தைப் பதக்கம். முன்னதற்கு 18 ஆண்டுகள். பின்னதற்கு 15 ஆண்டுகள். இவை எல்லோர்க்கும் கிடைப்பவை அல்ல. மேலதிகாரி பரிந்துரைக்க வேண்டும்; தொகையும் அளவுபட்டது. எல்லாவற்றிற்கும் மேலாக, நடத்தை ஏட்டில் சிவப்பு மை பட்டிருத்தல் ஆகாது. பட்டாளத்தில் பெருந்தவறு செய்தால் ஏட்டில் சிவப்பு மையால் எழுதுவார்கள். சிறுதவறென்றால் கறுப்பு மை. விடுப்பு முடிந்து தாமதமாக வந்து சேர்ந்தாலும் ஏடு அதை மறவாது. தாயின் ஈமக்கடனுக்காக ஊரில் நான்கு நாள் கூடத் தங்கியமையால் தண்டனை பெற்ற ஒருவரைத் தம் படைப்பிரிவில் கண்டதாகச் சுபேதார் சொன்னார். சட்டப்படி அது சரியே என்றும், ஆனால் அம்மனிதர் அதன்பின் எந்தப் பதக்கத்தையும் எதிர்பார்க்கவில்லை என்றும் சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாதிருந்தார்.

1971ஆம் ஆண்டில் ஒன்பதாண்டுப் பதக்கமும் இருபதாண்டுப் பதக்கமும் ஏற்பட்டன. 1980ஆம் ஆண்டில் முப்பதாண்டுப் பதக்கம் சேர்ந்தது. இவற்றின் பெயரில் நன்னடத்தை என்ற சொல் இல்லை. முப்படையினரும், எப்பதவியினரும் ஆண்டுகளை முடித்தால் இவற்றுக்கு உரியவர். இங்கேதான் எனக்கு ஒரு மகிழ்ச்சி. குடியரசு நாள் அணிவகுப்பில் தளபதி ஒருவரின் மார்பைக் கூர்ந்து நோக்குங்கள். வீரத்துக்கும் சிறப்புப் பணிக்கும் பெற்ற நாடாக்கள் மேல்வரிசையில் இருக்கும். கடைசி வரிசையில் முப்பது, இருபது, ஒன்பது ஆகிய மூன்றும் இருக்கும். அந்தக் கடைசி வரிசையிலிருக்கும் இருபதும் ஒன்பதும் தகரப் பெட்டியில் கிடக்கும் நம் ஹவில்தாரின் இருபதும் ஒன்பதுமே. தளபதிக்கென்று தனி உலோகம் இல்லை. தனி நாடாவும் இல்லை. பட்டாளத்தில் உண்ணும் மேசையும் உறங்கும் கட்டிலும் பதவிக்கேற்ப வேறுபடும். இந்த ஒன்று வேறுபடவில்லை.

எல்லோர்க்கும் கிடைப்பதால் இதற்கு மதிப்பில்லை என்போரும் உண்டு. சுபேதாரே முதலில் அப்படித்தான் பேசினார். "சோறு தின்றால் வயது ஏறுகிறது. அதற்கொரு பதக்கமா என்று நாங்களே கேலி செய்வோம்" என்றார். அவர் மார்பிலும் அவை இருந்தவை. தம் பொருளைத் தாமே தாழ்த்திப் பேசுவது நம்மவர் வழக்கம். எனவே அவரையே கேட்டேன்: "தாங்கள் இரவுக் காவல் நின்ற ஆண்டுகளில் தங்கள் காவலில் என்ன நடந்தது?" "ஒன்றும் நடக்கவில்லை" என்றார். "காவல் இல்லாதிருந்தால்?" என்றேன். "அது யாருக்குத் தெரியும்?" என்றார்.

அதுவே இதிலுள்ள தொல்லை. பகைவனின் கொடியைப் பறித்து வந்தவன் கொடியைக் காட்டலாம். நிகழாமற்போன ஒன்றை எவன் எடுத்துக் காட்ட முடியும்? பனியில் உறைந்த துப்பாக்கியின் எண்ணெயை மாற்றியதும், மழையில் சரிந்த பாதையை மறுபடி வெட்டியதும், தந்திக் கம்பியைத் தோளில் சுமந்து மலையேறியதும் எந்தப் பாட்டிலும் வாரா. வீரப் பதக்கம் முதலில் நிற்க வேண்டியதே; அதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் வீரம் ஒரு நாழிகையில் வெளிப்படுவது. அந்த ஒரு நாழிகைக்காக ஆயிரம் பேர் பல்லாயிரம் நாள் ஆயத்தமாக நிற்க வேண்டியிருக்கிறது. அவர்களுள் எவனுக்கு அந்நாழிகை வாய்க்கும் என்பது அவன் கையில் இல்லை.

இது படைக்கு மட்டுமன்று. 1944ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் பம்பாய்த் துறைமுகத்தில் 'போர்ட் ஸ்டிக்கீன்' என்ற கப்பல் தீப்பற்றி வெடித்தது. அதில் பஞ்சும் இருந்தது, வெடிமருந்தும் இருந்தது. தீயணைக்கச் சென்றவருள் 66 பேர் மாண்டனர். அந்நாளே இன்றும் நாடெங்கும் தீயணைப்புப் பணி நாளாக நினைவுகூரப்படுகிறது. நமக்கு அது பெரும்பாலும் சித்திரை முதல் நாளாக அமைவது. நாம் மாங்காய்ப் பச்சடி செய்யும் வேளையில் தீயணைப்பு நிலையங்களில் தலைகுனிந்து நிற்கிறார்கள். பம்பாயிலுள்ள நம் அன்பர்கள் அடுத்த ஏப்ரலில் இதனை நினைவிற் கொள்வார்களாக. அந்த 66 பேருக்கும் நினைவு நாள் உண்டு. முப்பது ஆண்டு மணியோசை கேட்டவுடன் ஓடி, ஒவ்வொரு முறையும் உயிரோடு திரும்பியவனுக்கு?

காவல்துறைக்கும் தீயணைப்புத் துறைக்கும் குடியரசுத் தலைவர் பெயரால் பதக்கம் 1951ஆம் ஆண்டில் வந்தது. பின்னர் வகைகள் பெருகிப் பதினாறாயின. அண்மையில் அவற்றை நான்காகச் சுருக்கியிருக்கிறார்கள். 2024ஆம் ஆண்டுக் குடியரசு நாள் பட்டியல் அம்முறையில்தான் வந்தது. வீரத்துக்கு இரண்டு, பணிக்கு இரண்டு. காவலர், தீயணைப்போர், ஊர்க்காவல் படையினர், சிறைப் பணியாளர் என்ற நான்கு துறையினர்க்கும் இவையே. ஆனால் படையின் நெடும்பணிப் பதக்கம்போல ஆண்டு நிறைந்தவர்க்கெல்லாம் இவை வருவதில்லை; தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்கே வரும். ஜனவரி 26, ஆகஸ்ட் 15 ஆகிய நாள்களில் வெளிவரும் பட்டியலில் ஒரு தீயணைப்பு வீரரின் பெயர் இருந்தால் அவர் தம் துறையில் பல்லோருள் ஒருவர் என்று அறிக. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் பெயரால் பொங்கலை ஒட்டிக் காவலர், தீயணைப்போர், சிறைக்காவலர் ஆகியோர்க்கு ஆண்டுதோறும் பதக்கம் அறிவிக்கிறார்கள். திங்கள்தோறும் சிறு படித்தொகையும் உண்டு. கீழ்நிலைக் காவலர் பலர் அதில் இடம்பெறுவது நல்ல முறை.

மேற்சொன்ன நான்கு துறைகளுள் ஆம்புலன்சு ஊழியர் இல்லை. 108 என்று அழைத்தால் ஓடிவரும் ஓட்டுநரும் உடன்வரும் செவிலியரும் இருபது ஆண்டு உழைத்தாலும் அப்பட்டியலுக்கு வெளியேதான் நிற்பர். இங்கிலாந்தில் ஆம்புலன்சு ஊழியர்க்கு 1996ஆம் ஆண்டிலேயே நெடும்பணிப் பதக்கம் ஏற்படுத்திவிட்டார்கள். நமக்கும் இது எண்ணத்தக்கது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2022ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் சிப்பாய்களை அக்னிவீரர் என்ற பெயரில் நான்கு ஆண்டுகளுக்கே சேர்க்கிறார்கள். அவர்களுள் நூற்றுக்கு இருபத்தைந்து பேர் வரை நிலையான பணியில் தொடரலாம். ஏனையோர் திரும்ப வேண்டியவரே. திரும்பும் பிள்ளைகட்கு ஒன்பதாண்டுப் பதக்கம் எட்டாது. அம்முறையின் நன்மை தீமைகளை அறிந்தோர் ஆராயட்டும். என் கவலை சிறியது. இனி வரும் தலைமுறையில் பல வீடுகளின் தகரப் பெட்டியில் நெடும்பணிப் பதக்கம் இராது. பேரன் கேட்கும் கேள்விக்கும் வேறு விடை தேட வேண்டியிருக்கும்.

நிற்க. இவ்வளவும் பேசிக்கொண்டிருக்கையில் அம்மையார் ஒரு சொல்லும் சொல்லாமல் அமர்ந்திருந்தார். பையன்தான், "பாட்டி, தாத்தா எங்கெங்கே இருந்தார்?" என்று குறிப்பேட்டை விரித்தான். அவர் சொல்லத் தொடங்கினார். திருமணம் 1978ஆம் ஆண்டு. இருவரும் ஒன்றாகக் குடும்பக் குடியிருப்பில் வாழ்ந்தது இரண்டு ஊர்களில், மொத்தம் ஐந்து ஆண்டுகள். எஞ்சிய பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் இருந்த இடங்களுக்குப் பெண்டு பிள்ளைகள் செல்ல இயலாது. அல்லது வீடு கிடைக்காது. அவ்வூர்களின் பெயர்களைக் கேட்டான் பையன். அம்மையாருக்குத் தெரியவில்லை. "கடிதத்தில் ஊர்ப்பெயர் எழுதமாட்டார். 56 ஏ.பி.ஓ. என்றுதான் இருக்கும். பிறகு 99 ஏ.பி.ஓ. என்று வந்தது. நானும் அப்படியே எழுதிப் போடுவேன்" என்றார். "56 ஏ.பி.ஓ. எந்த மாநிலத்தில் இருக்கிறது?" என்று பையன் கேட்டான். சுபேதார் உரக்கச் சிரித்தார். படைவீரர் இருக்குமிடம் வெளியில் தெரியாதிருக்க வேண்டி அமைத்த அஞ்சல் எண் அது. வரைபடத்தில் தேடினால் அகப்படாது.

பையன் கணக்குப் போட்டான். ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர விடுப்பு, 30 நாள் தற்செயல் விடுப்பு என்று சுபேதார் எடுத்துக் கொடுத்தார். எல்லா ஆண்டும் முழுமையாகக் கிடைத்தது என்றே வைத்துக்கொண்டாலும், பன்னிரண்டு ஆண்டுகளில் 1,080 நாள். மூன்று ஆண்டுகள் நிறையவில்லை. ஐந்தையும் சேர்த்தால் பதினேழு ஆண்டு இல்வாழ்க்கையில் கூடியிருந்தது எட்டுக்கும் குறைவு. மூத்த பெண்ணின் அம்மையும், மாமனாரின் மரணமும், கிணறு வெட்டிய கடனும் எஞ்சிய ஆண்டுகளில் வந்தவை. "உங்கள் மகன் பிறந்தபோது?" என்று கேட்டேன். "தந்தி கொடுத்தோம். நாற்பதாம் நாள் வந்து பார்த்தார்" என்றார்.

அப்போதுதான் அவரே மூன்றாவது பதக்கத்தைக் கையில் எடுத்து, "இதை மட்டும் ஏன் ஐயா தனியே வைத்தீர்கள்?" என்று சுபேதாரைக் கேட்டார். அவர் கவனித்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்! சுபேதார் தயங்கினார். பின்னர் சொன்னார்: "அம்மா, இதன் விளிம்பில் பெயர் இல்லை. இது கண்டோன்மெண்டுக் கடையில் விலைக்கு வாங்கியது."

அதை அம்மையார் எவ்வாறு தாங்கினார் என்று எழுத எனக்குத் தெரியவில்லை. "வாங்கினாரா? தமக்கென்று ஒரு சட்டை வாங்காதவர்..." என்று மட்டும் சொன்னார். பொய்ப் பதக்கத்தையா இத்தனை ஆண்டு கைக்குட்டையில் முடிந்து வைத்தோம் என்ற எண்ணம் அவர் முகத்தில் தெரிந்தது. பையனும் தலைகுனிந்துகொண்டான்.

சுபேதார் விரைந்து விளக்கினார். இருபது ஆண்டு முடிந்தவுடன் உரிமை வந்துவிடும். ஆனால் உலோகம் வந்து சேர ஆண்டுகள் ஆவதுண்டு. அணிவகுப்பில் நாடா அணிய வேண்டும். ஓய்வு பெறும் நாளில் முழுப் பதக்கமும் அணிய ஆசையிருக்கும். ஆகவே பலரும் கடையில் மாற்றுப் பதக்கம் வாங்கி அணிந்துகொள்வர். அது குற்றமன்று, மறைப்பதற்கும் ஒன்றுமில்லை. இவருக்கு 1993ஆம் ஆண்டில் உரிமை வந்திருக்க வேண்டும். 1995ஆம் ஆண்டில் வெளிவரும்வரை உரிய அலுவலகத்திலிருந்து பதக்கம் வரவில்லை. கேட்டு எழுதினாரோ, கேட்க மனமில்லாமல் விட்டாரோ, இனி அறிவதற்கில்லை. "பதக்கம் கடையில் வாங்கியது, ஆண்டுகள் வாங்கியவை அல்ல, அம்மா" என்று அவர் சொன்னபோது, காலையில் கேலி பேசியவர் இவர்தானா என்று வியந்தேன்.

பெட்டியின் அடியிலிருந்த சிறு புத்தகத்தை எடுக்கச் சொன்னார். அதுவே டிஸ்சார்ஜ் புத்தகம். பெற்ற பதக்கங்கள் என்ற இடத்தில் மூன்றின் பெயரும் மையால் எழுதப்பட்டு, அதிகாரியின் ஒப்பமும் முத்திரையும் இருந்தன. நடத்தை என்ற இடத்தில் எழுதியிருந்ததைப் பையனே ஆங்கிலத்தில் படித்து, மிகச் சிறந்தது என்று பாட்டிக்குத் தமிழில் சொன்னான். அம்மையார் இப்புத்தகத்தை ஓய்வூதியக் காகிதம் என்று எண்ணிப் பத்திரப்படுத்தியிருந்தாரேயன்றி, அதில் இப்படியெல்லாம் எழுதியிருக்கும் என்று அறியவில்லை.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் இல்லத்திலும் இத்தகைய பெட்டி இருந்தால் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் புத்தகத்தை எலிக்கும் ஈரத்துக்கும் கொடுத்துவிடாதீர்கள். வாராத பதக்கத்துக்கு, பணியாற்றியவர் மறைந்திருந்தாலும், அவர் பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு மனைவியோ மக்களோ எழுதலாம். எண், பதவி, பெயர், பிரிவு, சேர்ந்த நாள், விலகிய நாள் ஆகியவற்றைப் புத்தகத்தில் உள்ளபடியே எழுத வேண்டும். புத்தகத்தின் உரிய பக்கங்களைப் படியெடுத்து இணைக்க வேண்டும். மூலத்தை எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள். பள்ளி விழாவில் தாத்தாவின் பதக்கத்தைக் குத்திக்கொள்ளலாமா என்று பையன் கேட்டான். ஈட்டியவர் இடப்புறம் அணிவார். அவர் மறைந்தபின் உற்றார் வலப்புறம் அணிவதே வழக்கம் என்று சுபேதார் சொல்லிக் கொடுத்தார்.

மாசியில் ஒரு ஞாயிறன்று மூவரும் என் வீட்டில் கூடி விண்ணப்பம் எழுதினோம். நான் சொல்லச் சொல்லப் பையன் ஆங்கிலத்தில் எழுதினான். எழுதி முடித்ததும் அம்மையார் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, "தமிழில் கையெழுத்துப் போடலாமா, தம்பி?" என்று கேட்டார். போடலாம் என்றேன். மெல்ல, எழுத்து எழுத்தாக, முதலில் கணவர் பெயரின் முதலெழுத்தையும் பிறகு தம் பெயரையும் எழுதினார். மை உலரும்வரை காகிதத்தை விசிறிக்கொண்டிருந்தான் பையன். மறுநாள் பதிவு அஞ்சலில் சேர்த்தாயிற்று. விடை இன்னும் வரவில்லை.